யாருக்கு எது தெரிய வேண்டும்? கொங்கு வட்டாரத்தில் தகவல் தேவையை அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகள் ஒரு கிளை நூலகத்தின் மேசையில் அமர்ந்திருந்துவிட்டு, இப்போது நூலகப் பணியாளர்களுக்கும் ஊராட்சித் தன்னார்வலர்களுக்கும் அவ்வப்போது பயிற்சி அளித்து வருகிறேன். அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தவை. எனக்குத் தெரிந்த சீமை இதுதான்.

தகவல் தேவை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குறைதான் தகவல் தேவை. கீழ்பவானிப் பாசனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஆயக்கட்டான, அதாவது பாசனப் பரப்பான, 2,07,000 ஏக்கர், மதகுகளின் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணை வைத்து இரு பாதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவில் நன்செய்ப் பயிருக்கும், மறு பாதிக்கு ஜனவரி வாக்கில் புன்செய்ப் பயிருக்கும் பவானிசாகர் அணையிலிருந்து தண்ணீர் விடுவார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். தண்ணீர் திறக்கும் நாளில் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, விநாடிக்கு எத்தனை கன அடி திறப்பு, 1,03,500 ஏக்கர் பாசனம் பெறும் என்றெல்லாம் செய்தி வரும். அத்தனையும் சரியான செய்திதான். ஆனால் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் கேட்பது வேறு: "ஏனுங்க, நம்ம மதகு இந்தத் தடவ ஒத்தப்படைல வருதுங்களா, ரெட்டப்படைல வருதுங்களா? தண்ணி நம்ம காட்டுக்கு எந்தக் கெழம வந்து சேருமுங்க?" நெல் நாற்று விடுவதா, எள்ளுக்கும் நிலக்கடலைக்கும் காத்திருப்பதா, ஆளுக்குச் சொல்லி வைப்பதா என்பது அந்த விடையில் இருக்கிறது. அணையைப் பற்றிய முழுச் செய்தியும் காதில் விழுந்த பிறகும் அவருடைய தேவை அப்படியே நிற்கிறது.

ஆகவே நான் முதலில் கேட்டுக்கொள்வது, இவர் என்ன முடிவெடுக்கப் போகிறார், எப்போதைக்குள் எடுக்க வேண்டும் என்பதைத்தான். எந்தப் பொருளைப் பற்றிய தகவல் என்பது அதற்கு அடுத்தபடி.

சமூகங்களை எப்படிப் பிரிப்பது? சாதியாலா, தொழிலாலா, ஊராலா?

முன்கூட்டியே பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தேவையே பிரித்துக் காட்டிவிடும். கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது, ஒரே கால்வாயின் உழவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றதை இந்தப் பக்கத்தார் அறிவர். கடைமடைக்காரர்களில் பலர் தளம் போட்டால்தான் தண்ணீர் தங்கள் மதகுவரை வரும் என்றார்கள். கால்வாயின் கசிவு நீரால் கிணறு ஊறும் பக்கத்தார் தளம் போட்டால் கிணறு வற்றிவிடும் என்று போராடினார்கள். முன்னவருக்கு வேண்டியது ஒவ்வொரு மைலிலும் ஓடும் தண்ணீரின் அளவு. பின்னவருக்கு வேண்டியது கிணற்று நீர்மட்டக் கணக்கு. இருவரும் ஒரே சாதியாகவும், சில இடங்களில் சம்பந்திகளாகவும்கூட இருந்தார்கள். 'கீழ்பவானி விவசாயிகள்' என்று ஒரே பெயர் சூட்டி ஒரே கையேட்டை அச்சடித்திருந்தால் இருவருக்குமே அது உதவியிராது.

அதே வேளையில், சாதியைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடவும் முடியாது. ரேஷன் கடை அறிவிப்பும் கிராம சபை அறிவிப்பும் கோயில் திண்ணைச் சுவரில் ஒட்டப்பட்டால், அந்தத் திண்ணைப் பக்கம் நின்று படிக்கத் தயங்குகிறவர்களுக்கு அவை ஒட்டப்படாதவைதாம். அருந்ததியருக்குத் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு முதல், பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதைக் கோருவதற்குச் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும் என்னும் விவரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்குக் கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் தெரிந்து என்ன பயன்? பத்தாம் வகுப்பிலேயே, அவள் குடியிருக்கும் தெருவிலேயே அது தெரிந்திருக்க வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு 2022 ஆகஸ்டில் அரசு அறிவுறுத்தியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. செய்தி போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதோடு, அதைச் சுமந்து செல்கிறவரின் மானத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மக்களிடமே 'உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்' என்று கேட்டுவிட்டால் போதாதா?

கேட்கலாம், விடையும் வரும். ஆனால் முதலில் வரும் விடை பெரும்பாலும் உண்மையான தேவையாக இருப்பதில்லை. அமெரிக்க நூலகவியலாளர் இராபர்ட் டெய்லர் 1968-இல் இதை நான்கு படிகளாக விளக்கினார். மனத்துக்குள் சொல்லாகாமல் கிடக்கும் ஒரு நெருடல். அது ஓரளவு உருப்பெற்ற எண்ணம். அந்த எண்ணத்தைத் தெளிவாகச் சொல்லும் கேள்வி. கடைசியாக, இந்த மேசையில் இதைத்தான் கேட்க முடியும் என்று கேட்பவர் தாமே சுருக்கிக்கொண்டு கேட்கும் கேள்வி. நம் காதில் விழுவது நான்காவது மட்டுமே.

ஒரு நாள் காலையில் மூதாட்டி ஒருவர் நூலக வாசலில் நின்று, "இ-சேவை எப்பங் கண்ணு தொறப்பாங்க?" என்று கேட்டார். பத்து மணிக்கு என்றேன். விடை சரி. ஆனால் அவர் நகரவில்லை. "என்ன சோலிங்க ஆத்தா?" என்றதும் மஞ்சள் பையிலிருந்து பாலித்தீன் உறையில் சுற்றிய வங்கிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நூறு நாள் வேலைக்குப் போன கூலி இரண்டு மாதமாக ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "ஆதாரில் ஏதோ கோளாறு, இ-சேவையில் போய்ப் பார்" என்று சொல்லியிருக்கிறார். பேச்சுக் கொடுத்தபோதுதான், மகளிர் குழுக் கடனுக்காக இடையில் வேறொரு வங்கியிலும் கணக்குத் தொடங்கியது தெரிந்தது. 2024 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக் கூலி ஆதார் வழியாகத்தான் செலுத்தப்பட்டு வந்தது. ஆதாரோடு கடைசியாக இணைந்த கணக்கு எதுவோ அதில்தான் பணம் போய் விழும். கூலி தொலையவில்லை, அவர் திறந்தே பார்க்காத இன்னொரு புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் போக வேண்டிய இடம் இ-சேவை மையமே அல்ல. 'பத்து மணிக்கு' என்ற சரியான விடையோடு நான் நிறுத்தியிருந்தால், அவர் வரிசையில் நின்று, கட்டணமும் கட்டி, வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

உழவர்களுக்குச் சந்தை விலையும் வானிலையும் தந்தால் போதும் அல்லவா?

எந்த உழவருக்கு என்று கேட்க வேண்டும். விடியற்காலையில் உழவர் சந்தைக்குக் கத்தரிக்காயும் கீரையும் கொண்டுபோகிறவருக்கு அன்றைய விலைப் பலகைதான் உயிர். நேற்றைய விலை அவருக்குப் பழங்கதை. மஞ்சள் போட்டவர் நிலை வேறு. ஈரோடு, பெருந்துறை, கோபி ஏலங்களில் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் குவிண்டால் என்ன விலைக்குப் போயின என்ற செய்தி நாள்தோறும் அவர் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஆனால் மஞ்சள் ஒன்பது, பத்து மாதப் பயிர். வேகவைத்துப் பாலீஷ் போட்டுக் கிடங்கில் வைத்துவிட்டால் ஓர் ஆண்டுக்கு மேலும் கிடக்கும். அவர் தவித்துக்கொண்டிருக்கும் முடிவு, இன்று விற்பதா, இன்னும் ஆறு மாதம் கிடங்கு வாடகை கொடுத்து வைத்திருப்பதா என்பது. அதற்குத் தெலங்கானாவின் நிஜாமாபாத், மகாராஷ்டிரத்தின் சாங்கிலி ஆகிய மஞ்சள் சந்தைகளுக்கு வரத்து எப்படி, அங்கே இந்த ஆண்டு எவ்வளவு பரப்பில் நட்டிருக்கிறார்கள், பழைய இருப்பு எவ்வளவு என்பவை தெரிய வேண்டும். அவற்றை ஒரே தாளில் கூட்டிக் கொடுப்பவர்கள் குறைவு. அந்த இடத்தைத்தான் வியாபாரியின் வாய்ச்சொல் நிரப்புகிறது.

வானிலையிலும் இப்படித்தான். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அடுத்த ஐந்து நாட்களுக்கு மழை எத்தனை மில்லிமீட்டர், காற்றின் வேகம், ஈரப்பதம் எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்துக்காரர் கேட்பதோ, "உழவு மழ பேயுமுங்களா?" என்பது. ஓர் உழவு மழை என்பது ஏர் இறங்குகிற அளவுக்கு மண் நனைவது. செம்மண் காட்டுக்கு ஓர் அளவும் கரிசலுக்கு வேறோர் அளவும் ஆகும் என்பதால் மில்லிமீட்டரை அதற்கு நேராக எழுதிவிட முடியாது. ஆனால் அறிக்கையைப் படித்துச் சொல்பவர் அந்த மண்ணை அறிந்தவராக இருந்தால், "செம்மண்ணுக்குப் போதும், கரிசலுக்குப் பத்தாது" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஊருக்குள் ஓர் இடைநிலையாளர் வேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியில் துண்டறிக்கை கொடுத்தால் போதுமா?

போதாது. ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஒடியாவும், வங்காளத்தவருக்கு வங்காளியும், பீகாரிலிருந்து வந்தவர்களில் பலருக்குப் போஜ்புரியோ மைதிலியோதான் வீட்டு மொழி. இந்தி பேசப் புரியும், படிக்கத் தடுமாறும் என்போர் நிறையப் பேர். மொழிக்கு முன்னால் நேரத்தைப் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. திங்கள் முதல் வெள்ளி வரை பத்திலிருந்து ஐந்து மணிக்குத் திறந்திருக்கும் உதவி மையம், அவர்களைப் பொறுத்தவரை பூட்டிக் கிடக்கும் மையம்தான்.

அடுத்தது பொருள். 'இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தின் நன்மைகள்' என்று எட்டுப் பக்கம் அச்சடிப்பதைவிட, பவர் டேபிளில், அதாவது மின் தையல் இயந்திரத்தில், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எந்தச் சூழலில் எதைக் கேட்பாள் என்று எண்ணிப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும், சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவளிடம் பிடிக்கப்படுகிறது. மருத்துவ உதவி காப்பீட்டு வேலையில் சேர்ந்த நாள் முதலே உண்டு. ஆனால் மகப்பேறு உதவி பெற, அதற்கு முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாட்களுக்காவது பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி விவரம் தெரியாமல் காண்ட்ராக்டர் மாறி, கம்பெனி மாறி, நாள் கணக்கை இழந்தவர்கள் உண்டு. கருவுற்ற பிறகு இதைச் சொல்வது தாமதம். கம்பெனி மாறும் வேளையில் சொல்ல வேண்டும்.

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்ததையும் மறக்கக்கூடாது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, வேறெங்கோ எடுத்த காணொலிகளுக்குப் பொய்யான பெயர் சூட்டிப் பரப்பினார்கள். காவல் துறை மறுத்தது, உதவி எண்கள் அறிவித்தது, இந்தியில் பேசி விளக்கியது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. ஆனாலும் ஹோலிப் பண்டிகையை ஒட்டிய அந்த நாட்களில் ரயில் நிலையத்தில் மூட்டையோடு நின்றவர்களிடம் பேசியபோது ஒன்று விளங்கியது. திருப்பூரில் இருந்தவருக்குத் தம் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை என்பது கண்ணால் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவர் சிவானிலோ கயாவிலோ கைப்பேசியோடு அழுதுகொண்டிருந்த அவருடைய தாய். நாம் தகவல் தர வேண்டிய 'சமூகம்' நம் மாவட்ட எல்லைக்குள்ளேயே இருக்கும் என்ற எண்ணம் அன்றோடு எனக்குப் போயிற்று.

மலைப் பகுதிகளில் என்ன வேறுபாடு?

தாளவாடியில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கன்னடம். 1956 மாநிலச் சீரமைப்பில் கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குப் போனது. தாளவாடி இந்தப் பக்கம் நின்றது. சத்தியமங்கலம் மலைகளில் சோளகர், ஊராளி, இருளர் எனப் பலரும் தத்தம் மொழிகளைப் பேசுகிறார்கள். அவற்றுக்குத் தனி எழுத்து இல்லாததால் எழுத்து வழித் தகவல் எப்போதுமே இன்னொருவர் மொழியில்தான் அவர்களை வந்தடைகிறது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து நிலத்தை அனுபவித்து வரும் பழங்குடியினர், கிராம சபை வழியாக உரிமை கோரலாம். சான்றாகப் பட்டா போன்ற காகிதம்தான் வேண்டும் என்று நம்பிக்கொண்டு, 'எங்களிடம் காகிதமே இல்லையே' என்று விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் பலர். ஆனால் உரிமை கோருபவர் அல்லாத பிற முதியோரின் வாய்மொழியை எழுதி வாங்கிய வாக்குமூலத்தையும் சான்றாக வைக்கலாம் என்று அச்சட்டத்தின் விதிகளே கூறுகின்றன. அதாவது, வேண்டிய சான்று அந்த ஊர்த் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட ஒரு வரியைப் பாட்டப்பன் காலத்து நிலத்தைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, அவர்களுள் ஒருவரே சொன்னால்தான் அது ஏறும். படிவத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது இரண்டாம் வேலை.

நன்றாகச் செய்யப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே யானைகள் நடமாடும் மேட்டுநிலம் அது. கடைசிப் பேருந்தில் இறங்கி லைன் வீட்டுக்கு இருட்டில் நடக்கும் தொழிலாளிக்கு யானைகளின் வாழ்வியல் பற்றிய விரிவுரை தேவையில்லை. இந்த வளைவில் இப்போது யானை நிற்கிறதா என்ற ஒன்றே தேவை. அங்கே பணியாற்றிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள், உயிரிழப்புகளில் பெரும்பாலானவை யானை அருகில் இருப்பது தெரியாமல் எதிர்ப்பட்டதால் நேர்ந்தவை என்று கண்டார்கள். பிறகு ஒரே செய்தியை மூன்று வழியில் அனுப்பினார்கள். மாலையில் வீடு சேர்ந்துவிட்டவர்களுக்கு உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்து; கைப்பேசி வைத்திருப்போருக்குக் குறுஞ்செய்தியும், படிக்க முடியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பும்; இவை எதுவும் இல்லாமல் பேருந்திலிருந்து இறங்குகிறவருக்கு, உயரமான இடத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கு. அந்த விளக்கைக் கைப்பேசி அழைப்பின் மூலம் உள்ளூர்க்காரர்களே எரிய விடலாம், அணைக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது கருவி அன்று. எரிய விடும் பொறுப்பை ஊராரிடம் கொடுத்தார்களே, அது. தாங்களே எரியவிட்ட விளக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

பெண்களின் தேவையைத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டும், அதற்கு முதற்காரணம் கைப்பேசி. வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் அது மகனிடமோ கணவரிடமோ இருக்கும். கடவுச்சொல்லும் திட்டத்தின் நிலவரமும் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, தன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று அறிய, கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்த கணவர் திரும்பும்வரை காத்திருந்த ஒருவரை நான் அறிவேன்.

இரண்டாவது காரணம் இன்னும் கடினமானது. சில கேள்விகளைக் கேட்பதே ஆபத்து. தகவல் வறுமையைப் பற்றி ஆராய்ந்த எல்ஃப்ரீடா சாட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், எளிய மக்கள் தங்கள் தேவையை மறைப்பது அறியாமையால் அல்ல, வெளியே சொன்னால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுத்தான் என்று காட்டினார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். இந்த அறிவிப்பை மேலாளர் அறையின் வாசலில் ஒட்டியிருந்த ஓர் ஆலையைப் பார்த்தேன். அங்கே நின்று படிப்பவளை நாலு பேர் பார்ப்பார்கள். அதே தாளைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னேன். ஒட்டிய இரண்டாம் நாள், அடியில் இருந்த எண்ணை யாரோ பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்கள்.

படிக்கத் தெரியாதோர், பார்வையற்றோர் நிலை?

2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 84 விழுக்காடு, ஈரோடு மாவட்டத்தில் ஏறத்தாழ 73. இரண்டுக்கும் இடையே பேருந்தில் இரண்டு, மூன்று மணி நேரம்தான். ஒரு மாவட்டத்தில் பலித்த துண்டறிக்கை பக்கத்து மாவட்டத்திலும் பலிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பார்வையற்றோரைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேண்டுகோள்: தாளைப் படமெடுத்துப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பாதீர்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் பல வேளைகளில் அதில் ஒன்றையும் படிக்காது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, படமெடுத்து அனுப்பும் பழக்கம் போகவில்லை.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, பிறகு எதற்கு இத்தனை ஏற்பாடு?

குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே, 'நாளை மின்தடை' என்ற செய்தி புதைந்து போவதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

எச்சரிக்கை அறிவிப்புகளில் நேரும் பொதுவான தவறு எது?

சொல்பவரின் அளவையிலேயே சொல்வது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி நீர் திறக்கும்போது, 'விநாடிக்கு 1,50,000 கன அடி; கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று அறிவிக்கிறார்கள். பவானியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோரத் தெருவில் குடியிருப்பவர் இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பவானி கூடுதுறைப் படித்துறையில் எத்தனை படி மூழ்கும், எந்தத் தெருவுக்குள் தண்ணீர் நுழையும், இரவுக்குள்ளா, விடிந்த பிறகா, ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனால் மண்டபத்தில் விடுவார்களா என்பவைதாம் அவருடைய கேள்விகள். கடைசிக் கேள்வியைச் சிரித்துத் தள்ள வேண்டாம். ஆட்டுக்கு இடம் இல்லை என்று எண்ணித்தான் பலர் வீட்டை விட்டு வர மறுக்கிறார்கள். முந்தைய வெள்ளங்களில் தண்ணீர் நின்ற மட்டத்தை அந்தத் தெருவின் பெரியவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். இத்தனை கன அடிக்கு இந்தக் கோடு என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை அறிவிப்பு அந்தத் தெருவின் மொழியில் இருக்கும்.

சொல்லிலும் கவனம் வேண்டும். 'பொழுதோட வாங்க' என்றால் இங்கே சாயங்காலம் வாருங்கள் என்று பொருள். வெளியூரிலிருந்து வந்த தன்னார்வலர் ஒருவர் அதை 'நேரத்தோடு' என்று எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய், பூட்டிய வீட்டின் முன் நின்ற கதை எங்கள் பயிற்சிகளில் பிரபலம்.

இவ்வாறு தகவல் தருவது நம் பரிவா, அவர்களுடைய உரிமையா?

உரிமை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் என்ற அளவில்தான் பலருக்கும் தெரியும். அதன் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடும்போது செலவையும், வட்டார மொழியையும், அந்தப் பகுதியில் மிகுந்த பயன் தரும் தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தாக்க உதவுவது அலுவலரின் கடமை என்பது ஆறாம் பிரிவு. ஆகவே, தாளவாடியில் கன்னடத்தில் ஓர் அறிவிப்பு வேண்டும் என்று கேட்பவர் சலுகை கேட்கவில்லை.

இதில் நூலகத்துக்கு என்ன வேலை? அது புத்தகம் தரும் இடம்தானே?

இந்தக் கேள்வி நூலகர்களிடமிருந்தே வருவது எனக்கு வருத்தம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், அதற்குப் பின்னால் நின்ற உழைப்பு நூலகவியலாளர் சீர்காழி இரங்கநாதனுடையது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறவர்களுள் புத்தகமே எடுக்காதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் அந்த மேசையில் பங்கு உண்டு.

எங்கிருந்து தொடங்குவது? கருத்துக்கணிப்புப் படிவம் தயாரிக்கலாமா?

நாற்பது வயதுப் பக்குவமுள்ள ஒருவர், ஒரு நாற்பது பக்க நோட்டு, இரண்டு மாதம். இவை முதலில். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, மருந்துக் கடை, பனியன் கம்பெனி வாசல் டீக்கடை ஆகிய இடங்களில் காதில் விழும் கேள்விகளைக் கேட்டவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். எதிரே மூன்று குறிப்புகள் போதும்: எந்த முடிவுக்காகக் கேட்டார், எப்போதைக்குள் தெரிய வேண்டும், இதுவரை யாரிடம் கேட்டார். மூன்றாவதுதான் பொன் போன்றது. உரக்கடைக்காரரிடமும், சத்துணவு ஆயாவிடமும், கம்பெனி சூப்பர்வைசரிடமும் மக்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும்போது, புதிதாக ஒரு மையம் திறப்பதைவிட அந்த மூவருக்குச் சரியான தகவலைக் கொடுத்து வைப்பது எளிது என்பது புலப்படும். பெயரையும் ஆதார் எண்ணையும் எழுதாதீர்கள். படிவம் வேண்டுமானால், நோட்டு நிறைந்த பிறகு தயாரியுங்கள். அப்போது கேள்விகள் அவர்களுடையவையாக இருக்கும்.

தகவலைக் கொடுத்த பிறகு நம் பொறுப்பு முடிந்ததா?

ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் தேதி போடுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு மறுபடி விசாரிக்க வேண்டும் என்பதையும் போடுங்கள். கைவிடப்பட்ட திட்டத்தின் அறிவிப்பு நான்கு ஆண்டுகளாகச் சுவரில் தொங்குவதை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். அதை நம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் போய் வருகிறவரும் இருக்கிறார்.

வாங்கிப் போனவர் திரும்பி வந்தால் உட்கார வைத்து விசாரியுங்கள். மேலே சொன்ன மூதாட்டி மூன்று வாரம் கழித்து வந்தார். பணம் இரண்டாவது புத்தகத்தில்தான் இருந்ததாம், எடுத்துவிட்டாராம். "ஆனா ரெண்டு நடை ஆகிப்போச்சு சாமி. மொதல் நாள் ஆதார் ஜெராக்ஸ் இல்லீன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ அதச் சொல்லவே இல்லியே." அன்று முதல், கூலி ஏறவில்லை என்று வருபவர்களுக்கு எங்கள் மேசையில் கொடுக்கும் துண்டுத் தாளில் 'ஆதார் நகல் ஒன்று' என்ற வரியும், அதன் கீழே பேருந்து நேரமும் இருக்கின்றன.